வானுக்குள் படுத்து வன்னி சுற்றுவது: முதல் தடவை தனியாகப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

போன பங்குனியில் என் பழைய சுசுகி எவ்ரி வானின் பின்பக்கத்தைப் படுக்கையாக்கிக்கொண்டு இலங்கையின் வடக்கே வன்னியில் இருக்கும் வவுனியாவிலிருந்து தனியாக வெளிக்கிட்டேன். முதல் இரவு மடு மாதா தேவாலய வளவில், இரண்டாவது இரவு முள்ளியவளைப் பக்கம். மூன்றாம் நாள் பின்னேரம் வீடு. அவ்வளவுதான் பயணம். ஆனால் திரும்பி வந்த நாளிலிருந்து சித்தி வீட்டிலும் வேலையிடத்திலும் தெரியாத ஆட்களிடமிருந்தும் ஒரே மாதிரிக் கேள்விகள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக் களைத்துவிட்டதால் எல்லாவற்றையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

பயமாக இருக்கவில்லையா?

இருந்தது. முதல் இரவு பன்னிரண்டு மணிவரை நித்திரை இல்லை. இரண்டாவது இரவு எட்டரைக்கே நித்திரையாகிவிட்டேன்.

வீட்டை விட்டுவிட்டு வண்டிக்குள் போய்ப் படுப்பது வெள்ளைக்காரப் பழக்கம் இல்லையா?

இந்தக் கேள்வியை அம்மம்மாவிடம் கேட்டால் சிரிப்பார். அவருடைய காலத்தில் மடுவுக்கும் வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கும் கூடார வண்டில் கட்டிக்கொண்டுதான் போனார்கள். அரிசி, சட்டி, பாய், மாட்டுக்கு வைக்கோல் எல்லாம் வண்டிலிலேயே. பெண்களும் பிள்ளைகளும் கூடாரத்துக்குள், ஆண்கள் வண்டிலுக்குக் கீழே சாக்கை விரித்துப் படுப்பார்கள். மடுவில் இன்றைக்கும் ஆவணித் திருவிழாவுக்கு முதலே குடும்பம் குடும்பமாக வந்து காட்டு மரங்களின் கீழ் கூடாரம் அடித்துத் தங்குகிறார்கள். நான் செய்ததில் புதிது என்றால், மாடு இல்லை, ஆளும் ஒன்றுதான்.

எந்த வாகனம் தேவை?

பின் சீற்றை மடித்ததும் நீங்கள் காலை நீட்டிப் படுக்கக்கூடிய எதுவும். புதிதாக வாங்காதீர்கள். என்னுடையது 660 சீசீ எவ்ரி. பின்னால் ஆறடிக்கு மட்டுமட்டாக இடம் வரும். நான் ஐந்தடி மூன்று அங்குலம், அதனால் கால்மாட்டில் ஒரு பைக்கும் இடம் இருந்தது. டவுண்ஏஸ், டொல்பின் வைத்திருப்பவர்கள் அரசர்கள். சின்னக் கார் என்றால் முன் சீற்றையும் சரித்து மூலைக்கு மூலை படுத்துப் பாருங்கள். முற்றத்தில் நிறுத்தி ஒரு முழு இரவு படுத்துப் பார்க்காமல் மட்டும் வெளிக்கிட வேண்டாம். நான் படுத்த அன்றுதான் பின் கதவை உள்ளேயிருந்து திறக்க முடியாது என்பது தெரிந்தது.

உள்ளே என்ன மாற்றம் செய்தீர்கள்?

மிகக் கொஞ்சம். 12 மில்லிமீற்றர் பிளைவூட்டில் இரண்டரை அடி அகலம், ஆறடி நீளத்துக்கு ஒரு துண்டு. அதை நடுவில் வெட்டிப் பிணைச்சல் போட்டேன், பகலில் மடித்துவைக்கலாம். அதைத் தாங்க நான்கு பிளாஸ்ரிக் பெட்டிகள். பெட்டிகளுக்குள்ளேயே சாமான்கள். மேலே மூன்று அங்குல றப்பர் மெத்தை, அதற்கு மேல் பன்பாய். பாய் இல்லாமல் மெத்தையில் மட்டும் படுத்தால் பங்குனி வெக்கைக்கு முதுகு அவிந்துவிடும். யன்னல்களுக்கு அம்மாவின் பழைய நூல்சேலை ஒன்றைக் கிழித்துத் திரை தைத்தேன்.

வாகனத்தில் ஓட்டை போட்டு எதையும் பூட்டவில்லை. வாகனத்தின் அமைப்பை நிரந்தரமாக மாற்றினால், சீற்றைக் கழற்றினால்கூட, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அனுமதி எடுத்துப் பதிவைத் திருத்த வேண்டி வரும். காப்புறுதிக்காரரும் கேள்வி கேட்பார்கள். பலகையும் பெட்டியும் வெறும் சாமான்தான். இறக்கிவைத்தால் பழைய வான். திங்கட்கிழமை அதே வானில் வேலைக்குப் போனேன்.

எந்த மாதம் நல்லது?

மாசி, பங்குனி. மாரி முடிந்து குளங்களில் தண்ணீர் நிற்கும், பெரும்போக அறுவடை நடக்கிற நேரம் என்பதால் வயலெல்லாம் ஆள் நடமாட்டம் இருக்கும். ஐப்பசியிலிருந்து மார்கழிவரை வேண்டாம்: குளங்கள் நிரம்பி வான் பாயும், கிரவல் றோட்டுகள் அறுந்து போகும், பாம்புகள் மேட்டைத் தேடி ஏறும். வைகாசி, ஆனியில் பாலைப்பழம் பழுக்கும். அதைத் தின்ன ஆசை என்றால் போகலாம். கரடிக்கும் அதே ஆசை என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

இரவில் எங்கே நிறுத்திப் படுப்பது?

இதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

வெளிநாட்டுக்காரர்களின் காணொளிகளைப் பார்த்தால் ஒரு புத்தி சொல்வார்கள்: யாருடைய கண்ணிலும் படாத இடமாகப் பார்த்து நிறுத்து, விளக்கைப் போடாதே, விடியமுதல் கிளம்பு. வன்னியில் இதை நேர்மாறாகத்தான் செய்ய வேண்டும். தனியாகப் போகலாம், ஆனால் யாருக்கும் தெரியாமல் படுக்கக்கூடாது. ஒளித்துவைத்த வாகனத்தைக் கண்டால் ஊர்ச்சனம் சந்தேகப்படும், விதானையாருக்குச் சொல்லும், பொலிசு வரும், ஆமி முகாம் பக்கத்தில் இருந்தால் அவர்களும் வருவார்கள். எல்லோரும் கண்ட வாகனம் என்றால் ஊரே காவல். அதோடு ஊராருக்குத் தெரிந்த சில விஷயங்கள் கூகிளுக்குத் தெரியாது.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். இரண்டாம் நாள் பின்னேரம் ஐந்து மணியிருக்கும். முள்ளியவளைக்கு அங்காலே ஒரு சின்னக் குளக்கட்டில் வானை நிறுத்திவிட்டு, ஆகா, என்ன காற்று, இன்றைக்கு இங்கேதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தோளில் மண்வெட்டியோடு சைக்கிளில் வந்த ஒரு ஐயா நின்றார்.

“தனியவோ பிள்ளை வந்தனீர்?”

“ஓம் ஐயா.”

“இரவுக்கு எங்கை படுக்கை?”

“வானுக்குள்ளைதான்.”

ஐயாவின் முகம் மாறிவிட்டது. “வானுக்கையோ? முதலை கிடக்கும் பிள்ளை!”

வன்னிக்கு வெளியே இருப்பவர்களுக்கு: குளம் நிரம்பினால் மேலதிகத் தண்ணீர் வழிந்தோடும் கட்டுக்கும் இங்கே வான் என்றுதான் பெயர். அவர் என்னைக் குளத்து வானுக்குள் படுக்கப்போகிற பைத்தியம் என்று நினைத்துவிட்டார். எவ்ரியைக் காட்டிய பிறகு இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்து முடிய அவர் கட்டின் மறுகரையில் சரிந்துகிடந்த புல்லைக் காட்டினார். “உது ஆனை இறங்கிற வழி. அலியன் ஒண்டு ஆறு நாளா வருகுது. கட்டிலை நிண்டா வாகனத்தை உருட்டிப்போடும்.” கிட்டப் போய்ப் பார்த்தேன். ஈர மண்ணில் சோற்றுச் சட்டி அளவில் வட்டமான தடங்கள், அதற்குள் தண்ணீர் ஊறியிருந்தது. நான் வானை நிறுத்தியிருந்த இடத்திலிருந்து முப்பது அடி இருக்காது.

அன்றிரவு அவருடைய மகள் வீட்டு வளவில், மாமரத்துக்குக் கீழே படுத்தேன். அந்த அக்கா இரவு இடியப்பமும் சொதியும் தந்தார். காசு கொடுக்கப் போனால் கோபிப்பார் என்று தெரிந்ததால் காலையில் பிள்ளைகளுக்குக் கொப்பி வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அதனால் இடம் தேடுகிற ஒழுங்கு இதுதான். முதலில் கோவில், தேவாலய வளவு: ஐயரையோ சுவாமியையோ காவலாளியையோ கேளுங்கள், முதல் பயணத்துக்கு மடுவைப் போல வசதியான இடம் வேறில்லை, தண்ணீர், மலசலகூடம், வெளிச்சம் எல்லாம் உண்டு. இரண்டாவது, ஆட்கள் இருக்கிற வீட்டு வளவு. மூன்றாவது, பிரதான வீதியில் இரவிரவாகத் திறந்திருக்கும் எரிபொருள் நிலையம். நித்திரை வராது, ஆனால் அவசரத்துக்கு உதவும். குளக்கட்டு, கடற்கரை, காட்டோரம் எல்லாம் பகலில் பார்க்கத்தான்.

தேசிய பூங்காக்களுக்குள் முகாம் போடலாமா?

நினைத்தபடி போட முடியாது. மடு வீதி, சுண்டிக்குளம் இரண்டும் 2015 முதல் தேசிய பூங்காக்கள். வனவிலங்குத் திணைக்களத்தின் அனுமதியில்லாமல் உள்ளே இறங்குவதே குற்றம். எல்லைப் பலகை கண்டால் றோட்டிலேயே இருங்கள்.

கண்ணிவெடி இன்னும் இருக்கிறதா?

இருக்கிறது. பெரும்பகுதி அகற்றப்பட்டுவிட்டது, ஊர்களில் சனம் வருடக்கணக்காக இருக்கிறது. ஆனால் முகமாலைப் பக்கம் போன்ற இடங்களில் வேலை நீண்ட காலம் இழுத்தது. மற்ற இடங்களிலும் பற்றைகளுக்குள் வெடிக்காத பொருட்கள் இன்னும் அகப்படுகின்றன. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை, சிவப்பு அடித்த தடி, றோட்டோரம் கட்டிய நாடா, இதில் எதைக் கண்டாலும் அதற்கு அங்கால் ஒரு அடியும் வைக்கக்கூடாது. பலகை இல்லை என்பதற்காகப் பற்றைக்குள் இறங்குவதும் கூடாது. மாட்டுத்தடம், சைக்கிள் தடம் உள்ள பாதையில் மட்டும் நடவுங்கள். தரையில் துருப்பிடித்த இரும்பு எதையும் தொடவேண்டாம், காலால் தட்டவும் வேண்டாம். கண்டால் பொலிசின் 119 இலக்கத்துக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

அப்படியென்றால் மலசலகூடத்துக்கு என்ன செய்வது?

நல்ல கேள்வி, கேட்கக் கூச்சப்பட்டுக் கடைசியாகத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். காட்டுக்குள் போய்க் குழி தோண்டி மூடு என்கிற புத்திமதி மேலே சொன்ன காரணத்தால் இங்கே செல்லாது. கோவில், எரிபொருள் நிலையம், சாப்பாட்டுக்கடை, படுக்கிற வளவு, இவற்றைக் கணக்குப் பண்ணியே பகலை ஓட்ட வேண்டும். முறிகண்டியில் எல்லா வாகனமும் நிற்கும்; பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சானும் வாங்கி, அந்த வேலையையும் முடிக்கலாம். இரவு அவசரத்துக்கு மூடி இறுக்கமான ஒரு வாளியும் ஒரு பை மரத்தூளும் வைத்திருந்தேன். தேவைப்படவில்லை. இருந்ததே நிம்மதி.

குளிப்பு?

ஊர்ச்சனம் குளிக்கிற துறையில், அவர்கள் குளிக்கிற நேரத்தில். பொழுதுபடுமுன் கரையேறுங்கள். ஐயா சொன்ன முதலை பகிடி இல்லை.

இரவில் வெக்கையும் நுளம்பும்?

யன்னலைப் பூட்டினால் அவியும், திறந்தால் நுளம்பு. என்ன செய்தேன் என்றால், இரண்டு பக்க யன்னலிலும் நான்கு விரல் அளவு கண்ணாடியை இறக்கி, கதவுச் சட்டத்துக்கு வெளியே நுளம்பு வலையைச் சின்னக் காந்தத் துண்டுகளால் ஒட்டினேன். எதிரெதிர் யன்னல் என்றால் காற்று இழுபடும். உள்ளே ஒரு சின்ன யூஎஸ்பி விசிறி. 5 வாற் விசிறிக்கு 20,000 எம்ஏஎச் பவர்பாங்க் ஒன்று விடியும்வரை போதும்: கணக்குப்படி 74 வாற் மணி, இழப்புப் போக நடைமுறையில் பத்து மணித்தியாலம் ஓடியது. இதற்காக இரண்டாவது பற்றரி, சோலார் என்றெல்லாம் இரண்டு நாள் பயணத்தில் செலவழிக்காதீர்கள்.

ஒரு காலத்தில் வன்னி என்றால் மலேரியா. இலங்கையில் மலேரியா ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் 2016இல் அறிவித்தது. ஆனால் டெங்கு இருக்கிறது, அந்த நுளம்பு பகலிலும் கடிக்கும். வலை மாலையில் மட்டும் என்று நினைக்க வேண்டாம்.

இன்ஜினை ஓடவிட்டு ஏசி போட்டுக்கொண்டு படுப்பது கூடவே கூடாது. புகைக்குழாயில் சின்ன ஓட்டை இருந்தாலும் நித்திரையிலேயே ஆள் முடிந்துவிடும். புகையில் இருக்கும் காபன் மொனொக்சைட் வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. காஸ் அடுப்பும் அப்படித்தான், மழை பெய்தாலும் வானுக்கு வெளியேதான் பற்றவைக்க வேண்டும்.

சமையல்?

நான் தேத்தண்ணி மட்டும் வைத்தேன். கடையில் பாணும் சம்பலும், முல்லைத்தீவில் மீன்குழம்போடு சோறு, வழியில் ஒரு முட்டி எருமைத் தயிர். சமைத்தே தீருவேன் என்றால் காய்ந்த புல்லில் நெருப்பு மூட்ட வேண்டாம். வாழைக்குலை, நெல், உப்புப் பை எதையும் இரவில் வாகனத்துக்குள் வைக்காதீர்கள். நெல்லுக்கும் உப்புக்கும் வீட்டுச் சுவரையே இடிக்கிற யானைக்கு எவ்ரியின் தகரம் எம்மாத்திரம். பகலில் குரங்குக்குத் திறந்த யன்னல் போதும். மடுவில் என் பிஸ்கற் பக்கற் போனது அப்படித்தான்.

தண்ணீர் எவ்வளவு?

குடிக்க ஒரு நாளைக்கு நான்கு லீற்றர், கழுவ வேறாக 20 லீற்றர் கான் ஒன்று. பல ஊர்களில் கிணற்றுத்தண்ணீர் கல்சியம் கூடியது. பழக்கமில்லாத வயிற்றுக்கு வடிகட்டி விற்கிற தண்ணீர் நல்லது.

நீங்கள் பெண். அது வித்தியாசம் இல்லையா?

இருக்கிறது, இல்லை என்று சொன்னால் பொய். ஒரு ஆண் ஒரு வீட்டு வாசலில் போய் “இரவு படுக்க இடம் தருவீங்களோ” என்று கேட்பதைவிட நான் கேட்பது சுலபம்; அம்மாமார் கதவைத் திறந்துவிடுவார்கள். மற்றப்படி, “கலியாணம் முடிச்சிட்டீரோ”, “வீட்டுக்காரர் எங்கை” என்ற கேள்விகளுக்கு வழியெல்லாம் மறுமொழி சொல்ல வேண்டும். நான் “அண்ணை முன்னால போறார், பின்னால வாறன்” என்று கடைத்தெருவில் சொன்னேன்; தங்கிய வீட்டில் உண்மையைச் சொன்னேன்.

நடைமுறை விஷயங்கள்: வானை எப்போதும் வெளியேறுகிற பக்கம் முகம் பார்க்க நிறுத்துவேன். சாரதி சீற்றில் எதுவும் வைக்கமாட்டேன். திறப்பு தலையணைக்குப் பக்கத்தில். ஏதாவது என்றால் கதவைத் திறக்காமல், உள்ளேயிருந்தே முன்னால் தாவி ஓட்டிக்கொண்டு போக வேண்டும்; இதை முற்றத்தில் இருட்டில் நான்கு தரம் பழகினேன், நான்காவது தரம்தான் ஹோர்னில் கால் அடிபடவில்லை. இரவு எட்டுக்கும் காலை ஆறுக்கும் தங்கச்சிக்குக் குறுஞ்செய்தி. காட்டு வீதிகளில் பல இடத்தில் சிக்னல் விழும், அதனால் சிக்னல் உள்ள இடத்திலேயே நேரத்துக்கு முன்பு அனுப்பிவிடுவேன்.

பொலிசும் ஆமியும் மறித்தால்?

என்னை ஒருமுறை மறித்தார்கள். அடையாள அட்டை, சாரதி அனுமதிப்பத்திரம், வாகன வருமான வரிப்பத்திரம், காப்புறுதி நான்கும் ஒரே உறையில் கைக்கெட்டிய இடத்தில் இருக்கட்டும். ‘எங்கே தங்குகிறாய்’ என்றால் கோவில் பெயரையோ ஊர்ப் பெயரையோ சொல்லுங்கள். “எங்கேயாவது” என்பது நல்ல மறுமொழி இல்லை.

பாம்பு கடித்தால்?

மந்திரம், பச்சிலை, கயிறு இறுக்கிக் கட்டுவது, கீறி உறிஞ்சுவது ஒன்றும் வேண்டாம். கடித்த இடத்தை அசைக்காமல் 1990க்கு எடுங்கள், அம்புலன்ஸ் இலவசம். வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுக்கு மாஞ்சோலை, மன்னார் என்று மாவட்ட வைத்தியசாலைகளுக்கான தூரத்தை முன்பே பார்த்துவையுங்கள். இரவில் ரோச் இல்லாமல் காலை வெளியே வைக்காதீர்கள். செருப்பை வெளியே கழற்றிவைக்காதீர்கள்.

என்ன பிழை விட்டீர்கள்?

மடுவில் பக்கக் கதவு முழுதாகப் பூட்டுப்படவில்லை. உள் விளக்கு இரவிரவாக எரிந்திருக்கிறது. திரைச்சேலை போட்டுக்கொண்டு நான் முகத்தை மூடிப் படுத்ததில் தெரியவில்லை. பற்றரியும் பழசு. காலையில் திறப்பைத் திருப்பினால் ‘டிக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஓட்டோ கியர் வானைத் தள்ளி ஸ்ரார்ட் பண்ணவும் முடியாது. வயலுக்குப் போய்க்கொண்டிருந்த உழவு மெசின்காரத் தம்பியை மறித்தேன். அதுவும் 12 வோல்ற்தான். வயர் அவரிடம் இல்லை, என்னிடமும் இல்லை. அவர் போய் எங்கிருந்தோ எடுத்துவர முக்கால் மணித்தியாலம். வவுனியாவுக்கு வந்ததும் முதல் வேலையாக ஜம்பர் வயர் வாங்கினேன். உதிரிச் சில்லில் காற்று இருக்கிறதா என்றும் வெளிக்கிடுமுன் பாருங்கள். அதையும் நான் பார்க்கவில்லை, அதிர்ஷ்டத்துக்கு ரயர் காற்றுப் போகவில்லை.

செலவு?

மடுவுக்குப் போய் வந்து, பிறகு ஏ9 வீதி வழியாக மாங்குளம், அங்கிருந்து ஒட்டுசுட்டான், முள்ளியவளை, முல்லைத்தீவு, திரும்ப வீடு. ஏறக்குறைய 280 கிலோமீற்றர், 22 லீற்றர் பெற்றோல். அதுதான் பெரிய செலவு.

வழியில் எங்கே நிற்கலாம்?

இந்தத் திசையில் போனால் ஒட்டுசுட்டான் தான்தோன்றீசுவரர், கற்சிலைமடுவில் வன்னி மன்னன் பண்டாரவன்னியனின் 1803ஆம் ஆண்டுத் தோல்வியைச் சொல்லும் நடுகல், வற்றாப்பளை அம்மன், அம்மன் கோவிலுக்குப் பக்கத்தில் நந்திக்கடல். போர் முடிந்த இடமான நந்திக்கடலில் நின்றபோது எனக்குப் படம் எடுக்க மனம் வரவில்லை. கரையில் ஒருவர் வலை காயப்போட்டுக்கொண்டிருந்தார். அங்கே என்ன செய்வது என்று மற்றவர்களுக்கு நான் சொல்லப்போவதில்லை.

இரவில் ஓடலாமா?

வேண்டாம். யானையைவிட மாடுதான் பிரச்சினை: சூடு தங்கிய தார் றோட்டில் கூட்டமாகப் படுத்திருக்கும், கறுப்பு மாடு கிட்டப் போகும்வரை தெரியாது. நான்கு மணிக்கு இடம் தேடத் தொடங்கி, ஐந்தரைக்குள் நின்றுவிட வேண்டும்.

காலையில் வெளிக்கிடுமுன் கட்டாயம் செய்ய வேண்டியது?

குனிந்து வானுக்குக் கீழே பாருங்கள். முள்ளியவளையில் நான் பார்த்தபோது அக்கா வீட்டு நாய் நாலு குட்டிகளோடு பின் சில்லுக்கு ஒட்டிப் படுத்துப் பால் கொடுத்துக்கொண்டிருந்தது. அக்காவின் சின்ன மகன் ஒவ்வொன்றாகத் தூக்க, ஒன்று திரும்பத் திரும்ப உள்ளே ஓட, அன்றைக்கு அரை மணித்தியாலம் பிந்தித்தான் வெளிக்கிட்டேன்.